எண்ணெய்ச் சட்டியில் தீ: உணவு வண்டிக்கு எந்தத் தீயணைப்பு?

2023 ஆகஸ்ட் 26, விடியற்காலை. மதுரை ரயில்வே யார்டில் தனியாக நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பயணிகள் உள்ளே இருந்தார்கள். முதல் நாள் நாகர்கோவிலில் புனலூர் – மதுரை எக்ஸ்பிரஸில் கோக்கப்பட்டு, நம் திருநெல்வேலி வழியாகத்தான் அந்தப் பெட்டி மதுரை போய்ச் சேர்ந்திருந்தது. விதியை மீறி ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரை வைத்து உள்ளேயே சமைக்கப் போய்ப் பற்றிய தீயில் ஒன்பது பேர் இறந்தார்கள்.

அது சமையலுக்குக் கட்டிய பெட்டி இல்லை. உணவு வண்டி சமையலுக்கென்றே கட்டுவது. இருந்தாலும் ஆபத்தின் கூறுகளை எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: நெருக்கமான தகரக் கூடு, கேஸ், திறந்த அடுப்பு, வெளியேறச் சின்ன வாசல். உணவு வண்டியில் இவற்றோடு எண்ணெய்ச் சட்டியும் சேர்ந்துகொள்கிறது. டாடா ஏஸை, அதாவது நம் ‘சின்ன யானை’யை, வாங்கிக் கூடு கட்டி, ஒரு பக்கம் புரோட்டா கல், மறுபக்கம் சிக்கன் 65 சட்டி, நடுவில் இரண்டு பேர் என்று தொழில் தொடங்குகிறவர்கள் அடுப்புக்கும் பெயின்டுக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்கிறார்கள். தீயணைப்பு என்று வரும்போது கதவோரம் ஒரு சிவப்பு சிலிண்டரை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சிலிண்டரில் என்ன மருந்து இருக்கிறது, எண்ணெய்த் தீயை அது அணைக்குமா என்று கேட்பவர் குறைவு.

எண்ணெய் எப்படிப் பற்றுகிறது?

வடையும் பஜ்ஜியும் வேக எண்ணெய் 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் போதும். கூட்டம் நெருக்கும்போது சட்டியைக் கவனிக்காமல் விட்டால் சூடு 200-ஐத் தாண்டிப் போகும். எண்ணெயின் வகையைப் பொறுத்து, கொஞ்சம் முன்பின்னாகப் புகை கிளம்பும். அதற்கும் மேலே ஏறி 350 டிகிரியை ஒட்டிப் போய்விட்டால் தீப்பொறியே வேண்டாம், எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும்.

பெட்ரோல் தீயில் மேலே எரியும் ஆவியை அணைத்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. எண்ணெய்ச் சட்டியில் அப்படி முடியாது. மேலே தீ அணைந்தாலும் அடியில் இருக்கும் எண்ணெய் அதே சூட்டில்தான் இருக்கிறது. காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். ஆகவே எண்ணெயைக் காற்றுப் படாமல் மூட வேண்டும், மூடியபடியே சூட்டையும் இறக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் தீ திரும்பி வரும்.

தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஏன் என்பதையும் தெரிந்துகொண்டால் கை தானாகத் தடுக்கும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அதனால் அடிக்குப் போகும். அங்கே இருக்கிற சூட்டில் நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த ஆவி, எரிகிற எண்ணெயைத் தூக்கி மேலே வீசும். தலைக்கு மேல் ஓரடி இடைவெளிகூட இல்லாத வண்டிக்குள் அது கூரையில் மோதி, நிற்பவர் தலையிலேயே விழும்.

குக்கரைத் திருப்பிப் பாருங்கள்

தானியங்கித் தீயணைப்பு என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் சமாசாரம் என்று தோன்றும். அடிப்படையில் அது உங்கள் வீட்டுக் குக்கரில் ஏற்கெனவே இருக்கிற தந்திரம்தான்.

குக்கர் மூடியில் விசிலுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சேஃப்டி வால்வு இருக்கும். அதன் நடுவில், குறைந்த சூட்டிலேயே உருகுகிற உலோகக் கலவை அடைத்திருக்கும். குக்கர் வழக்கமாக 120 டிகிரியை ஒட்டி வேலை செய்கிறது. தண்ணீர் வற்றி, விசில் துவாரமும் பருப்பில் அடைத்துக்கொண்டு, உள்ளே சூடு அளவு மீறினால் அந்த உலோகம் உருகி வழிவிடும். அழுத்தம் வெளியேறும், குக்கர் வெடிக்காது. இதற்குப் பக்கத்தில் ஆள் வேண்டாம், கரண்ட் வேண்டாம். அடுப்படியில் யாருமே இல்லாத நேரத்தில்கூட அது தன் வேலையைச் செய்துவிடும்.

உணவு வண்டியின் தீயணைப்பிலும் இதே மூன்று பாகங்கள் இருக்கின்றன: உருகும் உலோகம், அடைத்துவைத்த அழுத்தம், அது வெளியேறும் வழி.

முதலாவது, உருகும் உலோகம். புகையை இழுக்கும் ஹூட்டுக்குள், அடுப்புகளுக்கு நேர் மேலே, இரண்டு சின்னத் தகடுகளை இதே மாதிரி உலோகக் கலவையால் ஒட்டிவைத்திருப்பார்கள். ஆங்கிலப் பெயரைக் கொண்டு ‘ஃப்யூசிபிள் லிங்க்’ என்பார்கள். அதை ஒரு கம்பி விறைப்பாக இழுத்துப் பிடித்திருக்கும். 74 டிகிரியில் உருகுவதிலிருந்து 260 டிகிரியில் உருகுவது வரை பல அளவுகள் உண்டு. தீ எழும்பியதும் ஒட்டு உருகித் தகடுகள் பிரியும், கம்பி தளரும்.

இரண்டாவது, அடைத்துவைத்த அழுத்தம். கம்பி தளர்ந்ததும் ஒரு ஸ்பிரிங் விடுபட்டு, நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு அடைத்த சின்னக் கார்ட்ரிஜைக் குத்தித் திறக்கும். அந்த வாயு மருந்துத் தொட்டிக்குள் பாய்ந்து மருந்தைத் தள்ளும். சில வகைகளில் மருந்தும் அழுத்தமும் ஒரே சிலிண்டருக்குள் இருக்கும்.

மூன்றாவது, வெளியேறும் வழி. மருந்து குழாய் வழியே ஓடி, ஒவ்வோர் அடுப்புக்கும் மேலே பொருத்திய நாசில்களில் மெல்லிய தூவலாக இறங்கும். ஹூட்டின் உட்புறத்துக்கும் புகைக் குழாய்க்கும் தனித்தனி நாசில் உண்டு, ஏனென்றால் அங்கே படிந்திருக்கும் பிசுக்கும் எரியும். இவற்றோடு வாசல் பக்கம் கையால் இழுக்கிற ஒரு பிடி இருக்கும். உலோகம் உருகும்வரை காத்திருக்க வேண்டாம், ஓடும்போதே இழுத்துவிட்டு ஓடலாம்.

குக்கர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அழுத்தத்தை வெளியே விடுகிறது. இங்கே அந்த அழுத்தம் மருந்தைச் சுமந்துகொண்டு தீயின் மேல் போய் விழுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

சட்டிக்குள் சோப்பு

மருந்து என்னவென்று பார்ப்போம். இதை ‘வெட் கெமிக்கல்’ என்கிறார்கள். பொட்டாசியம் கார்பனேட், அசிட்டேட், சிட்ரேட் போன்ற பொட்டாசிய உப்புகளைத் தண்ணீரில் கரைத்த காரத் திரவம் இது. கொதிக்கும் எண்ணெயில் காரம் பட்டதும் சோப்புக் காய்ச்சும்போது நடக்கிற அதே வினை நடக்கும். எண்ணெயின் மேற்பரப்பு சோப்பு நுரையாக மாறிக் காற்றை அடைக்கும். கரைசலில் இருக்கும் தண்ணீர் நுண்ணிய தூவலாக இறங்குவதால் எண்ணெயை வெடிக்கவிடாமல் சூட்டை இறக்கும். மூடுவது, குளிர்விப்பது இரண்டையும் ஒரே மருந்து செய்கிறது.

அமெரிக்காவில் 1994 நவம்பரில் யுஎல் 300 என்ற சோதனைத் தரம் வந்ததற்குக் காரணமே இதுதான். அதற்கு முன் ஹோட்டல்களில் மிருகக் கொழுப்பில் பொரித்தார்கள், உலர்ந்த பவுடர் ஓரளவு போதுமானதாக இருந்தது. பிறகு தாவர எண்ணெய் வந்தது. அது பற்றுவதற்கே கூடுதல் சூடு வேண்டும். புது வகைப் பொரிப்பான்களும் சூட்டை விடாமல் பிடித்துவைத்தன. பவுடரால் அணைத்த தீ திரும்பத் திரும்பப் பற்றியது. எண்ணெயைக் குளிர்விக்கிற திரவ மருந்து கட்டாயமானது அப்படித்தான். நம் ஊரிலும் சமையலறைத் தீயணைப்பு விற்பவரிடம் முதலில் பார்க்க வேண்டிய சான்று இது.

கடைகளில் பரவலாகக் கிடைக்கிற மற்ற சரக்குகள் என்ன ஆகும்?

ஏபிசி பவுடர் சிலிண்டர் மரம், துணி, பெட்ரோல், மின்சாரம் ஆகியவற்றுக்கு நல்லது. எண்ணெய்ச் சட்டிக்கு ஆகாது. அதில் உள்ள அம்மோனியம் பாஸ்பேட் அமிலத்தன்மை கொண்டது, சோப்பை உண்டாக்காது, எண்ணெயைக் குளிர்விக்கவும் செய்யாது. பக்கத்தில் நின்று வேகமாக அடித்தால் எண்ணெயைச் சிதறடிக்கவும் கூடும். தீயில் உருட்டிவிட்டால் வெடித்துப் பவுடரைத் தூவும் பந்து ஒன்றை இப்போது நிறைய விற்கிறார்கள். அதற்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே பவுடர்தான். கார்பன் டை ஆக்சைடு மின்பலகைக்கு ஏற்றது. எண்ணெய்த் தீயில் அடித்தால் வாயு கலைந்ததும் தீ திரும்பும், அடைத்த வண்டிக்குள் அடித்தால் ஆளுக்கே மூச்சு முட்டும். கையில் பிடித்து அடிக்கிற சிலிண்டர் வாங்கினால், ‘கே’ வகை அல்லது ‘எஃப்’ வகை என்று எழுதிய வெட் கெமிக்கலாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கேஸை யார் மூடுவது?

மேலே மருந்து எவ்வளவு தெளித்தாலும் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் எண்ணெய் மறுபடி சூடேறும். அதனால் முழுமையான அமைப்பில் கம்பி தளர்கிற அதே நொடியில் கேஸ் குழாயில் இருக்கும் வால்வும் மூடிக்கொள்ளும். மின்சாரப் பொரிப்பான் இருந்தால் கரண்டையும் துண்டிக்கும். மறுபடி திறக்க வேண்டுமானால் ஆள் போய்க் கையால்தான் திறக்க முடியும், தானாகத் திறக்காது.

விலை குறைத்துத் தருகிறவர்கள் முதலில் கழற்றிவிடுகிற பாகம் இந்த வால்வுதான். ஹூட், நாசில், பளபளவென்று சிலிண்டர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வால்வு அடியில் மறைந்து கிடக்கும், இல்லாவிட்டாலும் யாருக்கும் தெரியாது. கேட்கிற கேள்வியை அங்கேயே வைக்க வேண்டும்:

“அண்ணாச்சி, இது அடிக்கும்போது கேஸும் சேர்ந்து அடையுமா?”

“அது நீங்க ரெகுலேட்டர்ல போய் ஆஃப் பண்ணிக்கிட வேண்டியதுதான்.”

இப்படிப் பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். தீக்கு அந்தப் பக்கம் இருக்கிற ரெகுலேட்டரை யாரும் போய் மூடப் போவதில்லை.

கேஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஜூலை 1-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் உணவு வண்டியின் புரோபேன் தொட்டியிலிருந்து கேஸ் கசிந்து பெருந்தீயாக வெடித்தது. வண்டிக்குள் இருந்த தாயும் மகளும் பிழைக்கவில்லை. கசிந்து பரவிய கேஸ் பற்றும்போது ஹூட்டில் இருக்கிற எந்த மருந்தும் உதவிக்கு வராது. தீயணைப்பு அமைப்பு காப்பாற்றுவது அடுப்பின் மேல் எழுகிற தீயிலிருந்துதான். கசிவிலிருந்து காப்பாற்றுவது சிலிண்டரை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதுதான். அந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கச் சமையலறைத் தீத் தரமான என்எஃப்பிஏ 96, உணவு வண்டிகளுக்கென்றே தனிப் பகுதி சேர்த்தது.

எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். காற்றில் 2 விழுக்காடு கலந்தாலே பற்றும். ஆகவே சிலிண்டரை ஆள் நிற்கிற இடத்தில் வைக்கக் கூடாது. வண்டியின் வெளிப்புறம் தனிப் பெட்டி கட்டி, அடியில் காற்றுப் போக வழிவிட்டு, நிமிர்த்தி வைத்துப் பட்டையால் கட்ட வேண்டும். கசிவு அலாரம் மாட்டினால் தரையிலிருந்து ஒரு சாண், இரண்டு சாண் உயரத்தில் மாட்ட வேண்டும். உச்சியில் மாட்டினால் கேஸ் அங்கே வந்து சேருமுன் கீழே பற்றியிருக்கும். கடைத் தொழிலுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான், வீட்டுச் சிலிண்டரை ஏற்றுவது சட்டப்படி குற்றம்.

நம் ஊர்க் காற்றும் வெயிலும்

ஹோட்டல் சமையலறைக்கு எழுதிய வடிவத்தை அப்படியே வண்டியில் மாட்டினால் மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலில் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பக்கத்துக்கு வெறும் பேச்சில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்குகிற காற்று தென்காசி, ஆலங்குளம், அம்பாசமுத்திரம் என்று பள்ளத்தாக்கு முழுக்க வீசும். குற்றால சீசனுக்கு வண்டியைக் கொண்டுபோகிறவர்களுக்கு வியாபாரமும் அப்போதுதான். பரிமாறுகிற ஜன்னல் முழுக்கத் திறந்திருக்கும். எதிர்க்காற்று அடித்தால் தீ நாக்கு சாய்ந்து, மேலே இருக்கிற உலோகத்துக்குச் சூடு நேரத்தில் போய்ச் சேராது. தெளிக்கிற மருந்தும் சட்டியில் விழாமல் விலகும். ஹூட்டுக்கு இரண்டு பக்கமும் தகடு இறக்கி மறைப்பது, நாசிலைத் தயாரிப்பாளர் சொன்ன உயரத்துக்குள் பொருத்துவது, வண்டியை நிறுத்தும்போது ஜன்னல் காற்றுக்கு எதிராக இல்லாமல் பார்த்துக்கொள்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பணம் போட்டுப் பொருத்தியதற்குப் பலன்.

அடுத்தது வெயில். பாளையங்கோட்டையின் கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழே அடுப்பும் எரிந்தால் ஹூட்டுக்குள் வழக்கமான சூடே அதிகம். 74 டிகிரி உலோகத்தைப் போட்டுவிட்டால் தீயே இல்லாமல் ஒரு மதியம் மருந்து முழுவதும் புரோட்டா மாவில் இறங்கிவிடும். பொருத்துகிறவர் அடுப்பு எல்லாம் எரியும்போது ஹூட்டின் உச்சச் சூட்டை அளந்து, அதற்கு மேலான அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அளக்காமல் கண்மதிப்பில் சொல்கிறவர் வேண்டாம்.

மூன்றாவது குலுக்கல். வண்டி ஓடுகிறது, குழியில் விழுகிறது. விறைப்பாக இழுத்த கம்பி நாளடைவில் தளரலாம், இணைப்புகள் கழலலாம். இதற்கு மாற்றாகச் சூட்டில் வெடிக்கும் குழாய் வகை ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஏற்றிய பாலிமர் குழாயை அடுப்புகளின் மேலே ஓடவிடுவார்கள். எங்கே சூடு அதிகமோ அங்கே குழாய் பொத்துக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், அதுவே மருந்துச் சிலிண்டரைத் திறக்கும். கம்பி, கப்பி எதுவும் இல்லாததால் ஓடுகிற வண்டிக்கு இது தோதுதான். ஆனால் இதிலும் இரண்டு ரகம். குழாய் பொத்துக்கொண்ட ஓட்டை வழியாகவே மருந்து வருகிற மலிவு ரகத்தில், மருந்து அந்த ஒரே இடத்தில்தான் விழும். குழாய் வெறும் உணர்கருவியாக இருந்து, மருந்து தனி நாசில்கள் வழியாக எல்லா அடுப்புகளிலும் இறங்குகிற ரகம்தான் சமையலுக்கு ஏற்றது.

அடுப்புகளை எப்படி அடுக்குவது?

புரோட்டா கல்லின் தீயும் எண்ணெய்ச் சட்டியும் தோளோடு தோள் உரசி நிற்பது நம் வண்டிகளில் சாதாரணக் காட்சி. கல்லுக்கு அடியில் எரிகிற தீக்கும் எண்ணெய்க்கும் குறைந்தது 16 அங்குல இடைவெளி வேண்டும் என்கிறது என்எஃப்பிஏ 96. அவ்வளவு இடம் இல்லையென்றால் நடுவே 8 அங்குல உயர எஃகுத் தகடு ஒன்றை நிறுத்தினாலும் ஒப்புக்கொள்கிறது. பட்டறையில் ஒரு மணி நேர வேலை இது. செலவு குறைவு, பலன் பெரிது.

எண்ணெய்ச் சட்டியை வாசலுக்கு எதிர்க் கோடியில் வைக்க வேண்டும். தீ வாசலை மறித்தால் எந்த அமைப்பும் ஆளைக் காப்பாற்றாது. இழுக்கிற பிடியும் ‘கே’ வகைச் சிலிண்டரும் வாசல் பக்கம் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கம் மட்டும் கார்பன் டை ஆக்சைடோ பவுடரோ ஒன்று. சட்டிக்குப் பொருந்துகிற ஒரு தகர மூடி கையெட்டும் தூரத்தில் தொங்கட்டும். ஆரம்பத் தீயில் அடுப்பை அணைத்து மூடியைச் சரித்து மூடினாலே பாதி விபத்து நின்றுவிடும். ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் நடக்கும் தீத்தொண்டு வாரத்தில் தீயணைப்புத் துறையினர் ஊர்தோறும் செய்முறை விளக்கம் காட்டுவார்கள். வண்டியில் வேலை பார்க்கிற பையன்களை அழைத்துப் போய்க் காட்டுங்கள்.

பொருத்திய பிறகு

பிசுக்கு படிந்த உருகும் உலோகம் சூட்டை உணரத் தாமதமாகும். பிசுக்கு அடைத்த நாசிலில் மருந்து வராது. வாரா வாரம் ஹூட் வடிகட்டியைக் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவ வேண்டும், நாசில் மூடிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி பெற்றவர் வந்து சோதித்து, உருகும் உலோகத்தைப் புதிதாக மாற்றித் தேதி எழுதிக் கையெழுத்திட வேண்டும். அடுப்பை இடம் மாற்றினாலோ, புதிதாக ஒரு பொரிப்பான் சேர்த்தாலோ நாசில் கணக்கும் மாறும். ஒரு மருந்துத் தொட்டி இத்தனை நாசிலுக்குத்தான் என்று வரையறை உண்டு, சேர்த்துக்கொண்டே போக முடியாது. ஒருமுறை மருந்து இறங்கிவிட்டால் அன்றைய உணவு அத்தனையையும் கொட்டிவிட்டு, பாத்திரங்களை உடனே கழுவி, மருந்தை மறுபடி நிரப்பிய பிறகே அடுப்பு மூட்ட வேண்டும். மருந்தில் உள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாதவர்கள் இந்த வரிசையில் போகலாம். முதலில் சிலிண்டரை வெளிப் பெட்டிக்கு மாற்றி, ஐஎஸ்ஐ முத்திரையுள்ள நல்ல ஹோஸ் போடுங்கள். அடுத்து எஃகுத் தகடும் சட்டி மூடியும். மூன்றாவதாக ‘கே’ வகைச் சிலிண்டர் ஒன்று. நான்காவதாக, கேஸையும் சேர்த்து அடைக்கிற தானியங்கி வெட் கெமிக்கல் அமைப்பு. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கிற வண்டிக்கு இந்த நான்காவது ஆடம்பரம் இல்லை, புரோட்டா கல்லைப் போல அதுவும் தொழிற்கருவிதான். கேஸை அடைக்காத அமைப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேஸ் கசிவுக்கு 1906, தீக்கு 101 அல்லது 112: இந்த எண்களை வண்டிக்குள் எல்லார் கண்ணிலும் படும்படி பெயின்டில் எழுதிவையுங்கள்.